வரவில்லையே என்று கேட்க ஓர் இடம்

"வாரத்தில் ஒரு நாள்தான் தூங்கக் கிடைக்கிறது, தாத்தா. அன்றைக்கும் எழும்பிக் கோயிலுக்குப் போகணுமா?" என்று கேட்கும் பிள்ளைகளை நான் கோபித்துக்கொள்வதில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் நீங்கள் படும் பாட்டை அறிவேன். அலுவலகம் முடிந்து வீடு வந்த பிறகும் கணினி உங்களை விடுவதில்லை. அடுத்த கேள்வியும் நியாயமானதுதான்: "ஆண்டவர் எங்கும் இருக்கிறாரே, அறையில் இருந்து ஜெபித்தால் கேட்க மாட்டாரா?"

கேட்பார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அறையில் ஜெபிக்கிறவர் நாளைக்கு ஜெபத்தை விட்டுவிட்டால், அது ஆண்டவரைத் தவிர யாருக்கும் தெரியாது. கோயிலில் அப்படி இல்லை. மூன்று ஞாயிறு உங்களைக் காணாவிட்டால், "என்ன, பிள்ளையைக் காணோமே, சுகமில்லையா?" என்று ஒருவராவது விசாரிப்பார். எழுபது வயதைத் தாண்டிவிட்ட நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அந்த விசாரணையைப் பற்றித்தான். பரலோகத்தைப் பற்றிச் சொல்லப் போதகர்களான ஐயர்மார் இருக்கிறார்கள். நான் திங்கள் முதல் சனி வரை உள்ள வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் எங்கள் சபைகளின் கதை ஒரு பெயர்ப் பட்டியலில் இருந்து தொடங்குகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருந்து வந்த பிராமண விதவையான குளோரிந்தா அம்மாள் 1778இல் மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780இல் பாளையங்கோட்டையில் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் இருந்தவை 40 பெயர்கள். அந்த அம்மாள் முன்னின்று கட்டிய சிறிய கோயில் 1785இல் எழும்பியது. ஊர் மக்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தார்கள். கட்டடத்துக்கு முன்னே பட்டியல் இருந்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நாற்பது பேரில் ஒருவர் குறைந்தால் தெரியாமலா போயிருக்கும்?

நான் பிறந்தது தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு பனங்காட்டுக் கிராமம். செம்மணலில் எங்கே நின்றாலும் 192 அடி உயரமுள்ள மெஞ்ஞானபுரம் கோபுரம் தெரியும். திசை தப்பினால் அதைப் பார்த்துத்தான் நடப்போம். எங்கள் ஊர்க் கோயிலுக்கு அப்படி உயரம் எல்லாம் கிடையாது. ஓட்டுக் கூரை, சாணம் மெழுகிய தரை, ஒரு மணி. ஆனால் அங்கே கைப்பிடி அரிசிக் காணிக்கை இருந்தது. உலை வைக்கும்போது ஒவ்வொரு முறையும் தாய்மார் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். ஞாயிறன்று அதைப் பையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அளந்து வாங்கிக் கணக்கு எழுதுகிறவர் உபதேசியாரின் மனைவி.

ஒரு ஆண்டு பனையேற்றுக் காலம் பொய்த்தது. ஒரு வீட்டில் இருந்து வரும் பை வாரா வாரம் சிறுத்துக்கொண்டே வந்தது. அந்தத் தாய் கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை, பையைக் கொண்டுவருவதையும் நிறுத்தவில்லை. பிறகு ஒரு ஞாயிறு பையில் இருந்தது அரிசி இல்லை, கேப்பை. உபதேசியாரம்மா ஒன்றும் பேசாமல் அதை வாங்கி வைத்தார். அன்று மாலை அந்த வீட்டுக்கு ஒரு மூட்டை போயிற்று. யார் கொடுத்தது என்று ஊருக்குச் சொல்லவில்லை. அந்த வீட்டார் யாரிடமும் போய்க் கை நீட்டவும் இல்லை.

வறுமையை வாய்விட்டுச் சொல்வது எளிதல்ல. மானமுள்ளவர்களுக்கு அது சாவுக்குச் சமம். வழக்கமாக வருகிறவரிடம் மட்டும்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். என்றோ ஒரு நாள் வருகிறவரின் முகவாட்டத்தை எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? அந்தத் தாய் தன் கஷ்டத்தைச் சொல்லவே இல்லை. ஆண்டுக்கணக்கில் தவறாமல் வந்த வருகைதான் அவருக்காகப் பேசிற்று. இன்றைக்கு உங்களில் யாரும் கைப்பிடி அரிசி எடுத்து வைப்பதில்லை. ஆனாலும் உங்கள் முகம் ஒரு வரிசையில் வாரா வாரம் தெரிந்துகொண்டிருந்தால், அது வாடும் நாளில் பார்த்துச் சொல்ல ஒரு கண் இருக்கும்.

படித்த பிள்ளைகள் நீங்கள், ஆதாரம் கேட்பீர்கள். அமெரிக்காவில் 74,534 செவிலியப் பெண்களை 1996இல் இருந்து 2012 வரை பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டைலர் வாண்டர்வீல் குழுவினர் செய்தது. ஆராதனைக்கே போகாதவர்களோடு ஒப்பிட்டால், வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் போனவர்கள் அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு 33 சதவீதம் குறைவாக இருந்தது. எங்கள் மாவட்டத்தில் செவிலியர் இல்லாத கிறிஸ்தவக் குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் இந்த ஆய்வைப் படித்தபோது ஏதோ எங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றிப் படித்ததுபோல் இருந்தது. நடமாட முடிந்த ஆரோக்கியமானவர்கள்தானே கோயிலுக்குப் போவார்கள் என்று நீங்கள் மடக்குவீர்கள். அந்தக் கேள்வி ஆய்வாளர்களுக்கும் தெரியும். முன்பிருந்த உடல்நிலையையும் கணக்கில் எடுத்துத்தான் பார்த்திருக்கிறார்கள். அப்படியும் இது கண்டு குறித்த கணக்குதானே தவிர முடிந்த முடிவு அல்ல. ஆயுளைக் கூட்டிக்கொள்ளலாம் என்று கோயிலுக்குப் புறப்படாதீர்கள். அந்த எண்ணத்தோடு போகிறவர் இரண்டு மாதத்தில் நின்றுவிடுவார்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னோர் ஆய்வு. சேயூன் லிம், ராபர்ட் புட்னம் என்ற இருவர் 2010இல் வெளியிட்டது. ஆராதனைக்குத் தவறாமல் போகிறவர்கள் வாழ்க்கையில் கூடுதல் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்று கண்ட அவர்கள், ஏன் என்று தோண்டிப் பார்த்தார்கள். சபைக்குள் நண்பர்கள் இருப்பதுதான் காரணம் என்று தெரிந்தது. வாரா வாரம் போய்க்கொண்டு, அங்கே ஒரு நண்பரும் இல்லாமல் திரும்புகிறவர்களுக்கு அந்த மனநிறைவு கூடுதலாக இல்லை. பிரசங்கம் முடிந்து ஆசீர்வாதம் கூறுமுன்னே வண்டிச் சாவியைக் கையில் எடுக்கிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பேசும் பத்து நிமிடத்தை என் தலைமுறை ஆராதனையின் பகுதியாகவே நினைத்தது.

அப்படி நண்பர்கள்தான் வேண்டுமென்றால், நமக்குப் பிடித்தவர்களாகப் பார்த்து ஒரு குழு அமைத்துக்கொண்டால் போதாதா? போதாது என்பது என் தீர்ப்பு. நாம் தேர்ந்தெடுத்த நண்பர்கள் நம்மைப் போலவே இருப்பார்கள். நம் வயது, நம் சம்பளம், நம் பேச்சு. கோயில் வரிசையில் உங்கள் பக்கத்தில் உட்காருகிறவரை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு பக்கம் காது கேளாத கிழவர், மறுபக்கம் அழும் குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் தகப்பன், பின்வரிசையில் உங்கள் மேலாளர். இவர்களோடெல்லாம் ஒரே பாட்டை ஒரே தாளத்தில் பாட வேண்டும். மனிதரைச் சகிக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடத்தை நான் பார்த்ததில்லை.

சகோதரர் இருவரின் கதையைச் சொல்கிறேன். பனைமரங்கள் நின்ற வரப்பு யாருக்கு என்பதில் வழக்கு வந்து, தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் ஆண்டுக்கணக்கில் நடந்தார்கள். கோயிலில் அண்ணன் வடக்கு ஓரம், தம்பி தெற்கு ஓரம். திருவிருந்து நாளில் பகையோடு பந்திக்கு வரக்கூடாது என்ற முறைமையை மதித்து, அண்ணன் எழுந்து வராமல் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். சபை முழுவதும் அதைப் பார்க்கும். ஐயர் இரு வீட்டுக்கும் போய்ப் பேசிப் பார்த்தார், பெரியவர்கள் நடுவே உட்கார்ந்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் நீதிமன்றம்தான் வரப்பைப் பிரித்தது. கட்டித் தழுவி அழுதார்கள் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் இருவரில் ஒருவரும் "அவன் வருகிற கோயிலுக்கு நான் வரமாட்டேன்" என்று சொல்லவில்லை. இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே ஓய்வுநாள் பள்ளியில் ஒரே பாயில் உட்கார்ந்து வளர்ந்தார்கள். அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டது தம்பி பையன்கள். பெரியவர்கள் தீர்க்க முடியாத பகையைப் பிள்ளைகள் பெற்றுக்கொள்ளவே இல்லை. சில நன்மைகள் நமக்குக் கிட்டாமல் நம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும். அதற்காகவும் நாம் இடத்தை விடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போதே நம் சபைகளின் குறையையும் சொல்லிவிட வேண்டும். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கண்டிப்பாக எழுதியபோது, தஞ்சாவூரிலும் சென்னையிலும் பலர் சபையைவிட்டே விலகினார்கள். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடிப்பதைவிடப் பிரிந்து போவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. அந்த நோய் இன்னும் நம்மைவிட்டு முழுக்கப் போய்விடவில்லை. திருமண்டலத் தேர்தல் வரும் காலங்களில் கோயில் வளாகத்தில் நடக்கும் பேச்சுகளைக் கேட்டு வெறுத்துப்போன இளைஞர்கள் பலரை அறிவேன். "இதற்கா வரச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால், ஆம், இதைப் பார்த்த பிறகும் வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஒதுங்கிப் போகிற நல்லவர்களின் இருக்கையில் வேறு யாரோ வந்து உட்காருவார்கள். அசன விருந்தன்று பெரிய வீட்டாரும் கூலிக்காரரும் ஒரே பந்தியில் இலை போட்டுச் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அது ஒரே நாளில் வந்துவிடவில்லை. விடாமல் வந்து உட்கார்ந்தவர்கள் சம்பாதித்துக் கொடுத்தது.

பாடற்குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவர்கள் நான்கு குரல்களில் பிசகாமல் பாடுவதை எங்கள் பக்கத்துக் கோயில்களில் இன்றும் கேட்கலாம். வெள்ளிக்கிழமை இரவு ஒத்திகை. பகலெல்லாம் கடையில் நின்று கால் கடுத்தவர்களும் வந்துவிடுவார்கள். தன் குரலை அடக்கி அடுத்தவர் குரலைக் கேட்டுப் பாடுகிறவருக்கு வீட்டிலும் அந்தப் பழக்கம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

துக்கத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் சாவு நடந்த வீட்டார் அடுத்த ஞாயிறு குடும்பமாகக் கோயிலுக்கு வருவார்கள். அழுது முகம் வீங்கியிருக்கும். பாட்டில் சேர முடியாது. யாரும் அவர்களைப் பாடச் சொல்வதில்லை. சுற்றி இருக்கிறவர்கள் கொஞ்சம் கூடுதல் சத்தத்தோடு பாடுவார்கள். முப்பது வயதுக்குள் கணவனை இழந்த ஒரு பெண் பிற்காலத்தில் என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, அந்த ஒரு வருஷம் நான் ஜெபம் பண்ணலே. பண்ண முடியலே. எனக்கும் சேத்து அவங்க பண்ணுனாங்க. நான் போய் உக்காந்தேன், அவ்வளவுதான்." பிள்ளைகளே, இதை மறக்காதீர்கள். விசுவாசம் வற்றிப்போகும் காலம் எல்லாருக்கும் வரும். அந்தக் காலத்தில் உங்களால் செய்ய முடிவது போய் உட்காருவது ஒன்றுதான். தனியாக அறையில் இருக்கிறவருக்குப் பதிலாகப் பாட அங்கே யார் இருக்கிறார்கள்?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தூக்கம் கெட்டு, சாப்பாடு வெறுத்து, வாழ்வே வேண்டாம் என்று தோன்றும் நிலையில் கோயிலுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். கூடப் போக ஆள் வேண்டுமென்றால் உங்கள் வரிசையில் உட்காரும் ஒருவரைக் கேளுங்கள். நல்ல சபை உங்களை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போகும், அங்கே போகாதே என்று தடுக்காது.

கோயில் இல்லாமல் இருந்து பார்க்கும் வாய்ப்பையும் காலம் நமக்குக் கொடுத்தது. 2020 மார்ச் 25இல் கொரோனா ஊரடங்கில் நாடு அடைபட்டது. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு. ஓலை பிடித்துத் தெருவில் பவனி வராத அப்படி ஒரு நாளை அதற்கு முன் நான் கண்டதில்லை. ஏப்ரல் 12 உயிர்த்தெழுந்த திருநாளன்று கைப்பேசியில் ஆராதனை பார்த்தோம். தொடக்கத்தில் வசதியாகத்தான் இருந்தது. நாற்காலியில் சாய்ந்துகொள்ளலாம், பிரசங்கம் நீண்டால் காப்பி போடப் போகலாம். நாள் ஆக ஆக வயதானவர்கள் ஒடுங்கத் தொடங்கினார்கள். ஞாயிறு எது, புதன் எது என்ற வித்தியாசம் போயிற்று. வெள்ளை வேட்டியை மடித்து வைக்கவும், சனிக்கிழமை இரவே சீக்கிரம் படுக்கவும் ஒரு காரணம் இல்லாமல் போயிற்று. செப்டம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் வழிபாட்டிடங்கள் திறந்தபோதும், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அரசின் அறிவுரை. எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தார் முறை வைத்துக்கொண்டு எங்களோடு தொலைபேசியில் பேசினார்கள். ஆராதனை நேரலையைவிட அந்தப் பேச்சுக்குத்தான் கிழவர்கள் காத்திருந்தோம். திரையில் வரும் ஐயரை நாம் பார்க்கலாம். அவர் நம்மைப் பார்க்க முடியாது.

எல்லா ஞாயிறும் இனிக்காது. பிரசங்கம் சப்பென்று இருக்கும், மின்விசிறி ஓடாது, மனம் வேறெங்கோ அலையும். நான் உட்கார்ந்திருந்த ஆராதனைகளில் பெரும்பாலானவை எனக்கு நினைவில்லை. அதனால் அவை வீண் என்று ஆகிவிடுமா? நேற்று முன்தினம் சாப்பிட்டதும்தான் நினைவில்லை, உடம்பில் இருக்கிறது. கால்டுவெல் ஐயர் இடையன்குடியில் 1847இல் தொடங்கிய கோயில் வேலை 1880இல்தான் முடிந்தது. நடுவே கொடிய பஞ்சம் வந்தது. திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய அந்த மனிதர் முதியவரானார். கல் சுமந்து தொடங்கி வைத்தவர்களில் பலர் பிரதிஷ்டையைப் பார்த்திருக்க மாட்டார்கள். கட்டி முடியாத கோயிலைப் பார்த்துக்கொண்டே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆராதனை நடத்திய சபை அது. இரண்டு வாரப் பிரசங்கம் பிடிக்கவில்லை என்று சபை மாறுகிற பிள்ளைகள் ஒரு முறை இடையன்குடிக்குப் போய் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.

மருத்துவமனையிலும் காவல் பணியிலும் ஞாயிறன்று வேலை செய்கிற பிள்ளைகளை யாரும் குற்றம் சொல்லக்கூடாது. அவர்கள் விடுப்புக் கிடைக்கும் ஞாயிறில் வந்தால் போதும். சில நகரங்களில் சனிக்கிழமை மாலையிலும் ஆராதனை உண்டு. மற்றவர்கள் கொஞ்சம் முயற்சி எடுக்க வேண்டும். புதிய நகரத்துக்கு வேலைக்குப் போனீர்களா? பெரிய கோயில், பேர்பெற்ற பிரசங்கியார் என்று பார்க்காதீர்கள். வாடகை வீட்டில் இருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள கோயிலைப் பாருங்கள். குறைந்தது மூன்று மாதம் அங்கேயே போங்கள், முடிந்தவரை அதே வரிசையில் உட்காருங்கள். போன முதல் மாதமே கோயில் அலுவலகத்தில் பெயர் கொடுத்துச் சந்தா எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் இருந்து ஐயரின் கடிதம் கொண்டுபோனால் இன்னும் நல்லது. ஆராதனை முடிந்ததும் உடனே வெளியேறாமல், பக்கத்தில் இருந்த ஒரு பெரியவரிடம் உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள். அவருடைய பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு அவர் வராவிட்டால், நீங்கள் போய் விசாரியுங்கள்.